பேஸ் தனிக்குடித்தனம் போன கதை

இப்போது கடையில் விற்கிற பவர்ட் புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் ஏதாவது ஒன்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். மின்கம்பி செருகும் இடம், கணினிக்கான யுஎஸ்பி, பழைய ரெக்கார்ட் பிளேயருக்கு இரண்டு துளைகள் என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் ஓரத்தில் பெரும்பாலானோர் தொடாத ஒரு துளை. கீழே 'சப் அவுட்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். செய்தவர்களே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அது. 'என்னால் ஓர் அளவுக்குக் கீழே இறங்க முடியாது, வேண்டுமானால் இன்னொருவரைக் கூட்டி வாருங்கள்' என்று அந்தப் பெட்டி சொல்கிறது.

அந்தத் துளைக்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. மாசசூசெட்ஸில் தொடங்கும் அந்த வரலாற்றின் ஒரு கிளை ஜூரோங் ஈஸ்ட் வரை வருகிறது. இன்னொரு கிளை என் அப்பாவின் காதுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சப்வூஃபர் வாங்கி, அது சரியாக வேலை செய்யாமல், ஏன் என்று தேடப் போனவன் நான். தேடியது வேறு எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

முதலில், பேஸ் ஏன் இவ்வளவு தொல்லை பிடித்த சமாச்சாரம் என்று பார்த்துவிடலாம்.

ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. உச்சஸ்தாயி ஒலி அம்பு மாதிரி நேராகப் போய்விடும். கீழ்ஸ்தாயி அப்படியில்லை. அதன் அலை மீட்டர் கணக்கில் நீளமானது, எதையும் சுற்றி வளைந்து போகும். முன்னால் போன நெருக்கமும் பின்னால் உண்டான தளர்ச்சியும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே வெறும் கூம்பை மேசையில் வைத்து வாசித்தால் குரல் கேட்கும், மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போகும். இதற்காகத்தான் பெட்டி. பின்பக்க ஒலியைப் பூட்டி வைக்க ஒரு அறை.

1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இரண்டு பொறியாளர்கள் இன்று நாம் பயன்படுத்தும் கூம்பு ஸ்பீக்கரின் மூல வடிவத்தை வெளியிட்டார்கள். அடுத்த முப்பது ஆண்டுகள் பேஸ் வேண்டும் என்றால் பெரிய பெட்டி வேண்டும் என்பதே சட்டம். 1940களில் பால் கிளிப்ஷ் செய்த கொம்பு ஸ்பீக்கர் ஒரு துணி அலமாரி அளவு இருக்கும். அதை வீட்டின் மூலையில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு சுவர்களையும் கொம்பின் நீட்சியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமைத்திருந்தார். அறையும் வாத்தியத்தின் ஒரு பகுதி என்பதை அவர் அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார். பிறகு வந்த பலர் இதை மறந்தார்கள்.

எட்கர் வில்ச்சர் இந்தக் கதைக்குள் வருவது 1954இல். அவர் படித்தது கலை வரலாறு. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் மின்னணுக் கருவிகளைப் பராமரித்தவர், போருக்குப் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவைத் திரும்ப ஒலிக்கச் செய்வது பற்றி மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைய ஸ்பீக்கர்களில் கூம்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துவது விறைப்பான துணியும் காகிதமும். அவை சீராக இழுபடாது. கொஞ்சம் இழுத்தால் ஒரு மாதிரி, அதிகம் இழுத்தால் வேறு மாதிரி. அதனால் பேஸ் திரிந்து போகும். வில்ச்சர் யோசித்தது எளிமையானது: கூம்பைத் தொளதொளவென்று விட்டுவிடுவோம், பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவோம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றே வில்லாக வேலை செய்யட்டும். காற்று எந்தத் துணியையும்விடச் சீரான வில். இந்த முறையில் பெட்டி சிறியதாக இருப்பது குறை கிடையாது. சிறியதாகத்தான் இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இதை வாங்க மறுத்தன. அவருடைய வகுப்பில் ஹென்றி கிளாஸ் என்று ஒரு மாணவர் இருந்தார். எம்ஐடியில் படிப்பைப் பாதியில் விட்டவர், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தவர், அந்த நேரத்தில் ராணுவச் சேவையில் நியூஜெர்சியில் இருந்தார். ஆசிரியரிடம் யோசனை, மாணவரிடம் தச்சுப் பட்டறை. இருவரும் சேர்ந்து 1954இல் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் ஸ்பீக்கர் ஏஆர்-1. ஒரு புத்தக அலமாரித் தட்டில் படுக்க வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து பைப் ஆர்கனின் அடிநாதம் வந்தது. 'புக் ஷெல்ஃப்' என்ற சொல் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைக்கு அந்தப் பெயரில் விற்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஏஆர்-1 பக்கத்தில் வைத்தால் டிஃபின் டப்பா மாதிரிதான் இருக்கும், அது வேறு விஷயம்.

இவ்வளவு நல்லதுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைச் சூத்திரமாகச் சொன்னவர் ஜோசப் ஆண்டன் ஹாஃப்மன். புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜோசப் ஹாஃப்மனின் மகன் அவர். 1957இல் கிளாஸ், மால்கம் லோ, ஹாஃப்மன் மூவரும் வில்ச்சரைப் பிரிந்து தங்கள் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து கேஎல்ஹெச் என்று தனிக்கடை போட்டார்கள். ஹாஃப்மனின் 'இரும்பு விதி' இதுதான்: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம். மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுத்தான் ஆக வேண்டும். இன்றுவரை இதை யாரும் உடைக்கவில்லை. ஒரு கைப்பிடி அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் 'அறையே அதிரும்' என்று விளம்பரம் செய்தால் எனக்கு ஹாஃப்மன் நினைவுக்கு வருவார்.

வில்ச்சர் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தார். ஏஆர்-1 ஆம்பிளிஃபையரை உறிஞ்சிவிடும். டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் அந்தக் கவலை தீர்ந்தது. பிறகு வந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். சிறிய பெட்டி சிறியதாகவே இருக்கட்டும், அது ஆழமாகப் போக வேண்டியதில்லை. ஆழத்துக்கு என்று தனியாக ஒரு ஆளை, தனி ஆம்ப்போடு, தனிப் பெட்டியில் வைத்துவிடுவோம். கூட்டுக் குடும்பத்திலிருந்து பேஸ் தனிக்குடித்தனம் போனது அப்படித்தான்.

இந்தப் பிரிவினையை உலகறியச் செய்தது சினிமா. 1974இல் யூனிவர்சல் நிறுவனம் 'எர்த்க்வேக்' படத்தோடு சென்சரவுண்ட் என்ற முறையைக் கொண்டு வந்தது. செர்வின்-வேகா நிறுவனம் செய்த பெரிய பெரிய பேஸ் கொம்புகளைத் திரையரங்குக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று இருக்கிறது. நிலநடுக்கத்தின் உறுமல் ஃபிலிமில் பதிவாகியிருக்கவில்லை. ஒலித்தடத்தில் கட்டளை ஒலிகள் மட்டும் இருந்தன. அவை வரும்போது அரங்கத்தில் இருந்த ஒரு இயந்திரம் அந்த இரைச்சலை அங்கேயே உண்டாக்கியது. அதாவது ஒவ்வொரு அரங்கத்திலும் அந்த நிலநடுக்கம் புதிதாக நடந்தது. லாஸ் ஏஞ்சலஸின் சைனீஸ் தியேட்டரில் கூரைப்பூச்சு உதிர்ந்து விழும் என்று வலை கட்ட வேண்டியிருந்தது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது 70 மிமீ பிரதிகளின் ஆறு காந்தத் தடங்களில் இரண்டை டால்பி பொறியாளர்கள் கீழ்ஸ்தாயிக்கு என்றே ஒதுக்கினார்கள். பிறகு 1980களில் டாம் ஹோல்மன் அந்த ஒதுக்கீட்டுக்கு வைத்த எண்தான் '5.1'இல் வரும் அந்தப் புள்ளி ஒன்று. முழுத் தடம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறுகிய பட்டை என்பதால் பத்தில் ஒன்று. ஒலியளவில் அது பத்தில் ஒன்று கிடையாது என்பது திரையரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் வந்தது கொஞ்சம் பின்னால். 1987இல் போஸ் நிறுவனம் அகூஸ்டிமாஸ் என்று உள்ளங்கை அளவு பெட்டிகளையும், சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்க ஒரு பேஸ் பெட்டியையும் விற்றது. 1988இல் நம்ம ஹென்றி கிளாஸ் மறுபடி வருகிறார். கேஎல்ஹெச்சுக்குப் பிறகு அட்வென்ட், நடுவில் வீட்டுக்கான ப்ரொஜெக்ஷன் டிவி என்று சுற்றிவிட்டு கேம்பிரிட்ஜ் சவுண்ட்வொர்க்ஸ் என்ற புதுக் கடை. முதல் தயாரிப்பான என்செம்பிளில் இரண்டு சின்னப் பெட்டிகள், இரண்டு தனி பேஸ் பெட்டிகள். பேஸுக்கு ஒன்று போதாது, அறையில் இரண்டு இடத்தில் வைத்தால்தான் சீராக விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கடையை 1997இல் வாங்கியது நம்ம ஊர் கிரியேட்டிவ். சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கணினிக் கடையாகத் தொடங்கி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் வாய் கொடுத்த நிறுவனம் அது. வாய் வந்தாச்சு, தொண்டை வேண்டுமே. 1990களின் இறுதியில் சிம் லிம் ஸ்குவேரில் கணினி கட்டியவர்கள் மேசைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, மேலே இரண்டு குட்டிப் பெட்டிகள் என்று வைத்துக்கொண்டார்கள் அல்லவா, அதில் சிலவற்றில் கேம்பிரிட்ஜ் சவுண்ட்வொர்க்ஸ் என்ற பெயர் இருந்தது. மாலை வகுப்பில் ஒரு கலை வரலாற்று மாணவர் சொன்ன யோசனை, அவருடைய மாணவர் வழியாக, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஜூரோங் ஈஸ்ட்டில் கையெழுத்தானது. சிம் 2023 ஜனவரியில் இறந்தபோது எல்லாரும் சவுண்ட் பிளாஸ்டரையும், 'யூ-டர்ன் பலகை இல்லையென்றால் திரும்பக் கூடாது' என்ற சிங்கப்பூர் மனநிலையை அவர் கிண்டலடித்ததையும் எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் பற்றி நான் படித்த அஞ்சலிகளில் ஒரு வரிகூட இல்லை.

வரலாறு இங்கே நிற்கட்டும். பெட்டி வீட்டுக்கு வந்தாகிவிட்டது, பிரச்சினையும் கூடவே வந்தது.

எங்களுடையது வீவக நாலறை வீடு. வரவேற்பறையின் அகலம் 3.4 மீட்டர். நாலங்குலக் கூம்புள்ள பவர்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, புதிதாக வாங்கிய எட்டங்குல சப்வூஃபர். ஒரே ஒயரை மாட்டினேன், சுவிட்ச் போட்டேன். பாட்டு வருவதற்கு முன்பே 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். சமையலறையிலிருந்து அம்மா, "என்னாடா, ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சா?" என்றார்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு ஸ்தாயி உண்டு. நமக்கு வரும் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ்; ரீங்காரமும் ஐம்பதிலும் அதன் மடங்கான நூறிலும்தான் இருக்கும். அமெரிக்காவில் இதே ரீங்காரம் அறுபதில், கொஞ்சம் மேல் ஸ்தாயியில் பாடும். சிறிய ஸ்பீக்கரால் ஐம்பதை ஒழுங்காகப் பாட முடியாது, அதனால் இத்தனை நாள் அது தெரியவில்லை. சப்வூஃபர் ஐம்பதைப் பாடுவதற்காகவே பிறந்தது. காரணத்தைப் பிரிக்க ஒரே சோதனை: சப்வூஃபருக்கு வரும் ஒலிக்கம்பியைக் கழற்றுங்கள், மின்சாரம் இருக்கட்டும். ரீங்காரம் தொடர்ந்தால் பெட்டிக்குள்ளேயே கோளாறு, கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். நின்றுவிட்டால் அது எர்த் வளையம். இரண்டு கருவிகள் வெவ்வேறு சுவர்ச் செருகிகளில் எர்த் ஆகி, ஒலிக்கம்பியின் உறை வழியாகவும் இணையும்போது ஒரு வட்டம் உண்டாகிறது. அந்த வட்டத்தில் கொஞ்சம் மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புச் செருகியில் மாட்டினால் பாதி வீடுகளில் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் தீரவில்லை. தொலைக்காட்சியின் ஆன்டெனா கம்பியைக் கழற்றியதும் அமைதியானது. புளோக் முழுவதற்குமான ஆன்டெனா வழியாக இன்னொரு எர்த் வந்து சேர்ந்திருக்கிறது. ஒலிக்கம்பியின் நடுவில் மாட்டும் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு முடித்தேன். பிளக்கின் எர்த் காலை முடக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் கால் உயிர் காப்பதற்கு இருக்கிறது.

அடுத்தது பேஸ் இல்லாத பேஸ். சப்வூஃபர் ஓடுகிறது, கூம்பில் கை வைத்தால் நடுங்குகிறது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் பாட்டு இளைத்துக் கிடக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இரு பெட்டிகளும் எதிரெதிராக இழுப்பது. பொறுப்பைக் கைமாற்றும் இடம் எண்பது ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எண்பது ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலேகால் மீட்டர். சப்வூஃபர் மற்ற ஸ்பீக்கரைவிட இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். பெட்டியின் பின்னால் '0', '180' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அது இதற்குத்தான். பேஸ் கித்தார் தெளிவாக வரும் பாட்டை ஓட விட்டு, ஒருவர் சுவிட்சை மாற்ற, இன்னொருவர் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் உட்கார்ந்து எது நிறைவாக இருக்கிறது என்று சொன்னால் போதும். நண்பன் ஒருவன் வீட்டில் சுவிட்சை எப்படிப் போட்டாலும் சரிவரவில்லை. கடைசியில் பார்த்தால் இடது ஸ்பீக்கரிலிருந்து வலது ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன. இரண்டு வருஷமாக அவனுடைய இரு ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கின்றன.

இரண்டு, அறை. கிளிப்ஷ் ஏற்றுக்கொண்டது, நாம் மறப்பது. 3.4 மீட்டர் அகலத்தில் ஐம்பது ஹெர்ட்ஸ் அலையின் பாதி கச்சிதமாக உட்காரும். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் அது முன்னும் பின்னும் மோதி, சுவரோரம் வீங்கியும் அறையின் நடுவில் வற்றியும் நிற்கும். நாற்காலியை நடுவில் போட்டால் ஐம்பது கேட்காது. சோபாவைச் சுவரோடு ஒட்டினால் ஐம்பது மட்டும்தான் கேட்கும். அமெரிக்கக் கையேடுகள் 'சப்வூஃபரை மூலையில் வையுங்கள், பேஸ் கூடும்' என்று சொல்கின்றன. அங்கே பல வீடுகள் மரச்சட்டமும் பலகையும். பேஸில் ஒரு பகுதி சுவர் வழியாகத் தப்பிப் போய்விடும். நமக்குக் கான்கிரீட். போன பேஸ் எல்லாம் திரும்பி வரும். நம்ம வீடுகளில் மூலை கடைசிப் புகலிடமாக இருக்கட்டும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பேஸ் மேலும் கீழும் நடக்கிற ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு தரையில் கைகால் ஊன்றித் தவழ்ந்து, எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி போகும் பாதை திரும்பி வரும் பாதையும் அதுவே என்பதால் இது பலிக்கிறது. எங்கள் வீட்டில் அந்த இடம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், சுவர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வந்தது.

மற்றவை சின்னச் சின்னது. கிராஸோவர் திருகியை எங்கே வைப்பது? நாலங்குலக் கூம்பு எண்பது, தொண்ணூறில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், அங்கே கைமாற்றலாம். ஐந்தரை, ஆறங்குலமென்றால் அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில். நூறுக்கு மேலே தள்ளினால் பேஸ் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பீக்கரோ கருவியோ ஏற்கெனவே வடிகட்டி அனுப்பினால் சப்வூஃபரின் வடிகட்டியை விலக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் இரட்டை வடிகட்டலில் நடுவே ஒரு பள்ளம் விழும். ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது சப்வூஃபர் தானாகத் தூங்கிவிடுகிறதா? 'ஆட்டோ'வை 'ஆன்' ஆக்குங்கள். ஒலியளவு திருகியைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, பெட்டி இருப்பது தெரிய வந்ததும் ஒரு நூல் குறையுங்கள். இருப்பது தெரியக் கூடாது, அணைத்தால் மட்டும் தெரிய வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எண்பதுகளின் தமிழ்ப்பாட்டு ஒன்று, அவர் கேசட்டில் தேயத் தேயக் கேட்டது. முதல் சரணம் முடிவதற்குள் அப்பா கையைத் தூக்கினார். "நிறுத்து. இந்தப் பாட்டுல இது இருந்துச்சா?"

இருந்தது. பேஸ் கித்தாரின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அப்பா வைத்திருந்த மூன்றங்குல ஸ்பீக்கர் ரேடியோவால் இருநூறுக்குக் கீழே பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் அவர் பேஸே கேட்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஸ்வரத்தின் அடிநாதத்தை எடுத்துவிட்டு அதன் மேல்நாதங்களை மட்டும் வாசித்தால், மூளை அடிநாதத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஒரு தலைமுறையே சென்னையில் பதிவான இசையின் கீழ்ப்பாதியைக் கற்பனையில் கேட்டு, உருகி, கல்யாணம் செய்து, பிள்ளைகளுக்கும் பாடிக் காட்டியது. வாத்தியம் தெருவில் வாசிக்கப்பட்டபோதுதான் அவர்களுக்குக் கீழ்ஸ்தாயி உடம்பில் பட்டது. உருமியின் தோலை வளைந்த குச்சி உரசும்போது நெஞ்செலும்பில் வருமே, அது. சிங்கப்பூரில் அதற்கும் 1973இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் தடை இருந்தது. 2016இல்தான் குறிப்பிட்ட இடங்களில் வாத்தியம் திரும்ப அனுமதிக்கப்பட்டது. அந்தத் தடை காலத்தில் வளர்ந்தவர்களுக்கு பேஸ் என்றால் மேசைக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டிதான்.

அப்பாவுக்குப் பேஸ் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது. கப்பல் பட்டறையில் 32 வருடம். சுத்தியலும் கிரைண்டரும் இரும்புத் தொட்டிக்குள் அடிக்கும்போது காதில் முதலில் போவது நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். ச, த, க, ப என்று மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தப் பகுதியும் அதைச் சுற்றியதும்தான். கீழ்ஸ்தாயி கடைசிவரை மிஞ்சும். அப்பாவுக்குப் பாட்டில் சொற்கள் மங்கிவிட்டன, பேஸ் மட்டும் இளமையில் இருந்ததைவிடத் தெளிவாகக் கேட்கிறது. "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார். ஏற்றினேன். அடுத்த பாட்டில் "என்ன பாடுறான்னே தெரியலையே" என்றார்.

இது அவருடைய பிடிவாதம் என்று அம்மா சொன்னார். காதின் இயற்பியல் வேறு சொல்கிறது. கனத்த கீழ்ஸ்தாயி தனக்கு மேலே இருப்பதை மூடும். எதிர்ப்புறமாக, மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. பாதி சொற்களை ஏற்கெனவே இழந்த காதுக்கு சப்வூஃபரை ஏற்றுவது மீதியையும் எடுத்துவிடுவதுதான்.

இந்த இடத்தில்தான் வில்ச்சர் எனக்கு மறுபடி கிடைத்தார். 1967இல் அவர் தன் நிறுவனத்தை விற்றுவிட்டு, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் இருந்த வீட்டில் காது கேளாமை பற்றி ஆராய ஆரம்பித்தார். அன்றைய செவிக்கருவிகள் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெரிதாக்கின. மெல்லிய சத்தம் கேட்காத காதுக்கும் பெரிய சத்தம் மற்றவர்களுக்கு இருக்கும் அளவுக்குப் பெரிதாகவே இருக்கும். ஆகவே மெல்லியது கேட்கும்படி ஏற்றினால், தட்டு விழுந்தால் உயிர் போகும். அதிலும் மேல்ஸ்தாயியில் ஒரு மாதிரி, கீழ்ஸ்தாயியில் ஒரு மாதிரி. வில்ச்சர் ஸ்பீக்கர்காரர் அல்லவா, ஸ்பீக்கர்காரர் செய்வதைச் செய்தார். ஒலியைப் பட்டைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பட்டையையும் அந்தந்தக் காதில் அந்தந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் இடைவெளிக்குள் தனித்தனியாகச் சுருக்கினார். 1973இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. ஸ்பீக்கருக்கு வாங்கியவர், இதற்கு வாங்கவில்லை. இன்று விற்கும் செவிக்கருவிகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அவர் 2011இல், 94 வயதில் காலமானார்.

அப்பாவின் கருவி மூன்று வருடமாக மேசை இழுப்பறையில் கிடந்தது. "கரகரங்குது" என்பது அவர் புகார். பேச்சுக்காக அமைத்த சுருக்கம் இசையை மிதித்துவிடும் என்பதால் அது நியாயமான புகார்தான். போன மாதம் செவித்திறன் நிபுணரிடம் அழைத்துப் போனோம். அவர் சுருக்கத்தைக் குறைத்து இசைக்கு என்று ஒரு தனி நிரல் போட்டுக் கொடுத்தார், பித்தானை ஒருமுறை அழுத்தினால் மாறும். வீட்டில் நான் கிராஸோவரை எழுபதுக்கு இறக்கி, சப்வூஃபரின் ஒலியளவைப் பாதிக்கும் கீழே வைத்தேன். இரவு பத்தரைக்கு மேல் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன், கீழ்வீட்டில் இருப்பவர் தாதி, அதிகாலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர். கான்கிரீட்டில் என் ஐம்பது ஹெர்ட்ஸுக்குப் போக்குவரத்து சுலபம். கருவி மாட்டிக்கொண்ட அன்று அப்பா அதே பாட்டைப் போடச் சொன்னார். பல்லவி முடிந்ததும், "இவன் இந்த வார்த்தையையா பாடுறான்? நான் வேற என்னமோன்னுல்ல பாடிக்கிட்டு இருந்தேன்" என்றார். பேஸ் கொஞ்சம் குறைச்சலாக இருக்கிறது என்றும் சொன்னார்.